லூர்தம்மாளின் கைகள்

மார்ச் 26, 2024. செவ்வாய்

காலை ஜெபம் முடித்துக் கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சினேன். செம்பருத்தி, கறிவேப்பிலை, தேங்காய் எண்ணெய். சடசடப்பு ஓய்ந்து நுரை அடங்கும் தருணமே பதம். அதற்கு முன் இறக்கினால் தைலம் ஊசிப்போகும், பின் இறக்கினால் கருகிவிடும். தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் இதுவே என் ஊழியமாகிவிட்டது. தலைக்குத் தைலம், தேமலுக்குப் பூவரசங்காய், சேற்றுப்புண்ணுக்கு மருதாணி. பங்கு மக்கள் கேட்டு வருகின்றனர், இல்லையென்று சொல்வதில்லை.

இன்று மாதா சபைத் தலைவி பிரிஸ்கில்லா வந்திருந்தார். புறங்கை கருத்துப்போயிற்றாம். பிழிந்த எலுமிச்சை மூடியைப் புறங்கையில் நன்றாகத் தேய்த்து ஊறவிடச் சொன்னேன். அடுக்களையிலிருந்து மனைவி லூர்தம்மாளின் குரல்: "என் கையுந்தான் கருத்துக் கெடக்கு. வீட்டு வைத்தியருக்கு வீட்டுக் கை தெரியாது போல."

உனக்கும் அதுவே மருந்து என்றேன். எழுந்து சென்று பார்க்கவில்லை.

மார்ச் 28. பெரிய வியாழன்

சீடர்களின் நினைவாகப் பாதம் கழுவப்படும் பன்னிருவரில் இவ்வாண்டு நானும் ஒருவன். பங்குச்சாமி மண்டியிட்டு என் பாதத்தை முத்தமிட்டபோது நாணத்தால் உடல் கூசிற்று. இன்னொருவர் முன் மண்டியிடுவது எளிதன்று. என் வாழ்நாளில் பீடத்தின் முன்னன்றி வேறெங்கும் நான் மண்டியிட்டதில்லை.

மார்ச் 29. பெரிய வெள்ளி

கொடும் வெயில். குன்றின்மேல் சிலுவைப்பாதை. புலம்பல் பாடல்களை நானே தொடங்கிப் பாடினேன்; ஐந்து காயப் பாடலில் குரல் உடைந்தது.

அடிவாரத்தில் எலுமிச்சைச் சாறு வழங்கும் பொறுப்பு எங்கள் தெருவுக்கு. லூர்தம்மாளும் அடுத்த வீட்டுச் சர்புன்னிசாவும் காலை முதல் பிழிந்தனர். பந்தலின் கீற்று பாதிதான் மறைத்தது. இருவரும் வெயிலிலேயே நின்றனர். ஒருத்தி பெரிய வெள்ளி உபவாசம், ஒருத்தி ரமலான் நோன்பு. ஊருக்கெல்லாம் தாகம் தீர்த்த இருவர் நாவிலும் ஒரு சொட்டு படவில்லை.

இறங்கி வரும்போது பார்த்தேன். பிழிந்த மூடியை லூர்தம்மாள் புறங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்ன மருந்துதான். சும்மா எறியிறதுக்கு இது நல்லதுதான" என்றாள். சர்புன்னிசாவும் சிரித்துக்கொண்டே தேய்த்தார்.

மார்ச் 30. சனி

லூர்தம்மாள் கை எரிகிறது என்கிறாள். வெயிலாக இருக்கும். சோற்றுக்கற்றாழை வைத்துக் கட்டினேன்.

மார்ச் 31. உயிர்ப்பு ஞாயிறு

 இன்றைய நாளை இன்றே எழுதியாக வேண்டும்.

திருப்பலி முடிந்து முற்றத்துக்கு வந்தோம். கட்டு நழுவியிருந்ததைச் சரிசெய்யப் பிரிஸ்கில்லா லூர்தம்மாளின் கையைப் பற்றினார், பற்றியவர் விடவில்லை. இரண்டு புறங்கைகளிலும் நட்டநடுவே, ஒரே அளவில், சிவந்து கொப்புளித்த இரு காயங்கள்.

"வாத்தியாரய்யா, இங்க வந்து பாருங்க. ரெண்டு கையிலயும் ஒரே எடத்துல, ஆண்டவருக்கு ஆணி அடிச்ச எடத்துல. அதுவும் பெரிய வெள்ளி கழிச்சு. இது என்னன்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?"

 அத்தனை பேர் நடுவில் மண்டியிட்டு அவ்விரு கைகளையும் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டேன்; முத்தமிட்டேன். வேதத்தில் வாசித்ததும் பாடலில் அழுததும் என் வீட்டு அடுக்களையிலா வந்து இறங்கியிருக்கிறது?

லூர்தம்மாள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "ஏங்க, எல்லாரும் பாக்குறாங்க. எந்திரிங்க" என்றாள். ஆனால் பற்றிய கையை உதறவில்லை.

ஏப்ரல் 1. திங்கள்

விடிந்தது முதல் வாசலில் மக்கள். பிரிஸ்கில்லா ஒழுங்குபடுத்துகிறார். காயத்தில் பஞ்சை ஒற்றிக் கொடுக்கிறார்; பெற்றுக்கொள்வோர் அதைக் கண்ணில் வைத்துக்கொள்கின்றனர். மருந்து தொடக் கூடாது, அது அவிசுவாசம் என்கிறார். கற்றாழைக் கட்டை அவிழ்த்தது அவரல்லர். நான்தான்.

பங்குச்சாமி வந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது. "எதையும் அவசரப்பட்டுச் சொல்லாதீங்க சார். மொதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க" என்று மட்டும் கூறிச் சென்றார். சரி என்றேன். அழைத்துச் செல்லவில்லை. ஏன்? மருத்துவர் என்ன சொல்வார் என்ற அச்சமா? அச்சம் என்றால், யாருக்காக?

நிலக்கோட்டையிலிருந்து பூ வண்டியில் ஒரு தாய் வந்தாள். பெயர் தேவதர்ஷினி. வலிப்பு வரும் பெண்குழந்தையை மடியில் போட்டிருந்தாள். ஒரு பந்து மல்லிகையை லூர்தம்மாளின் காலடியில் வைத்துக் குழந்தையின் தலையில் கை வைக்கச் சொல்லி அழுதாள். லூர்தம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். வைத்தாள். பிறகு அடுக்களைக்குள் சென்று நெடுநேரம் வெளியே வரவில்லை.

கோவையிலிருந்து மகன் ரொனால்டு அழைத்தான். யாரோ படம் அனுப்பியிருக்கிறார்கள். "அப்பா, அம்மாவுக்குச் சுகர் இருக்கு. புண்ண வச்சுக்கிட்டு கூட்டத்துக்குக் காட்டுற நேரமா இது?" என்றான். பேசும் முறை சரியில்லையென்று கடிந்து தொடர்பைத் துண்டித்துவிட்டேன்.

ஏப்ரல் 2. செவ்வாய்

கொப்புளங்கள் உடைந்துவிட்டன. வலக்கை மணிக்கட்டு வரை வீங்கியிருக்கிறது. நெற்றி சுடுகிறது. கூட்டம் குறையவில்லை, தெருமுனையில் தேர்தல் வண்டியின் ஒலிபெருக்கி வேறு.

ஆண்டவரே, இது உம் அடையாளமானால் சீழ் ஏன்? சோதனையோ? சோதிக்கப்படுபவள் அவளா, நானா?

பகலில் மஞ்சளாவது வைத்துக் கட்டலாம் என்று எடுத்தேன். பிரிஸ்கில்லா பார்த்த பார்வையில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். வைத்தியம் வைத்தியம் என்று ஊருக்கெல்லாம் கொடுத்தவன் நான்.

ஏப்ரல் 3. புதன்

மருத்துவமனையில் அமர்ந்து எழுதுகிறேன்.

உச்சிப்பொழுதில் கூட்டம் சற்றுக் கலைந்ததும் சர்புன்னிசா புழக்கடை வழியே வந்தார். லூர்தம்மாள் காய்ச்சலில் கண் மூடிக் கிடந்தாள். அவர் அவள் கையைப் பார்த்தார், பிறகு என்னை. பர்தாவின் கைப்பகுதியை முழங்கை வரை ஏற்றினார்.

அதே சிவப்பு. அதே கொப்புளம். புறங்கையில் மட்டுமன்று, சாறு வழிந்த தடம் தடமாக, முழங்கை வரை.

"தப்பா எடுத்துக்காதீங்க வாத்தியாரே. அன்னைக்கு நாங்க ரெண்டு பேருந்தான் பிழிஞ்சோம். ரெண்டு பேருந்தான் தேச்சோம். அக்காவுக்கு வந்தது உங்க சாமி குடுத்ததுன்னா, எனக்கு வந்தத நான் யார்ட்டப் போய்க் கேக்க?"

முன்னமே ஏன் சொல்லவில்லை என்றேன். 

"வாசல்ல அம்புட்டுச் சனம் கும்பிட்டுக்கிட்டு நிக்கிது. நான் வந்து கையத் தூக்கிக் காட்டுனா கேலி பண்ணுறேன்னுல நெனப்பாங்க. வம்பு எதுக்குன்னு களிம்பு வாங்கிப் போட்டுக்கிட்டேன். எனக்கு ஆறிக்கிட்டு வருது. அக்காவுக்கு ஆறலைன்னு கேட்டதும் மனசு கேக்கல."

என் மருந்து. அன்று அடிவாரத்தில் என் கண் முன்னாலேயே தேய்த்தாள். எலுமிச்சை யாரையும் சுட்டதில்லையே என்ற எண்ணத்தில் அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. நினைக்க விரும்பவில்லை என்பதே சரி.

ஆட்டோ வருவதற்குள் பிரிஸ்கில்லா வந்து வழிமறித்தார். விலகுங்கள் என்றேன். அந்தக் குரலில் நான் இதுவரை எந்தப் பெண்ணிடமும் பேசியதில்லை.

மருத்துவர் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, எலுமிச்சை பிழிந்தீர்களா என்பதே. சாறு படிந்த தோலை வெயிலில் காட்டினால் வெந்துபோகுமாம். உடனே தெரியாதாம், ஓரிரு நாள் சென்றே கொப்புளிக்குமாம். காயம் பெரிதன்று. சர்க்கரை உள்ள உடம்பில் மருந்தில்லாமல் விட்டதும் கண்ட கை பட்டதுமே பெரிது. விரல்களுக்கு ஆபத்து உண்டா என்றேன். நாளை பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

ஏப்ரல் 4. வியாழன்

வலக்கையைக் கீறிச் சீழ் எடுத்தனர். ஜெபம் வரவில்லை. ஜெபமாலையை விரலிடையே வைத்துக்கொண்டு வெறுமனே இருந்தேன்.

ஏப்ரல் 5. வெள்ளி

காய்ச்சல் இறங்கியது. விரல்கள் தப்பின. ஆண்டவருக்குத் தோத்திரம்.

ரொனால்டு வந்திருக்கிறான்.  தேநீர் மட்டும் வாங்கிவந்து கையில் கொடுத்தான்.

அவன் கீழே சென்றிருந்தபோது லூர்தம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: எலுமிச்சை, வெயில், சர்புன்னிசாவின் கை. சொல்லி முடித்ததும் அவள் வியக்கவில்லை.

"எனக்குச் சனிக்கிழமையே தெரியும். எரிஞ்சது என் கைதான?"

"பின் ஏன் சொல்லவில்லை?"

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து, அன்னைக்குக் கோயில் வாசல்லதான் நீங்களா என் கையப் பிடிச்சீங்க. செத்த நேரம் இருக்கட்டுமேன்னு நெனச்சேன். அதுக்குள்ள ஊரே வந்துருச்சு. அப்புறம் எங்கிட்டுச் சொல்ல?"

பெண்ணின் விரலைக் காந்தளுக்கு ஒப்பிடும் பழம்பாடல்களை வகுப்பு வகுப்பாக நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் காந்தளை வரைந்தும் காட்டியிருக்கிறேன். கையை—

இதற்கு மேல் இன்று எழுத இயலாது.

ஏப்ரல் 7. ஞாயிறு

உயிர்த்த ஆண்டவரின் காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்ற சீடரைக் குறித்த வாசகம் இன்று. ஒவ்வோராண்டும் அவர்மேல் எனக்குச் சிறு இளக்காரம் உண்டு. இன்று இல்லை. தொட்டுப் பார்த்திருக்க வேண்டியவன் நான், முத்தமிட்டேனேயொழிய பார்க்கவில்லை.

பங்குச்சாமியிடம் முன்பே அனுமதி பெற்றுத் திருப்பலி முடிவில் மக்கள் முன் நின்றேன். ஆயத்தம் செய்த சொற்றொடர்கள் மறந்துபோயின. அது அடையாளம் அன்று, நான் சொன்ன மருந்தும் வெயிலும் சுட்ட புண் என்றேன். என் பேச்சைக் கேட்டு எலுமிச்சை தேய்ப்பவர்கள் இனி தேய்க்க வேண்டாம், வாங்கிச் சென்ற பஞ்சை எரித்துவிடுங்கள் என்றேன். அவள் காய்ச்சலில் கிடந்தபோதும் மருத்துவரிடம் கொண்டுசெல்லாதவன் நான் என்பதையும் சொன்னேன். எங்கோ ஒரு குழந்தை அழுதது.

வெளியே பிரிஸ்கில்லா காத்திருந்தார்.

"நானுந்தான் நீங்க சொன்னபடி தேச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே. அத யோசிச்சீங்களா?"

நீங்கள் வீட்டுக்குள் தேய்த்துக் கழுவிக்கொண்டீர்கள் என்றேன்.

"எதுக்கும் ஒரு பதில் வச்சிருக்கீங்க. நம்பி வந்த சனத்த இப்பிடி வெறுங்கையோட அனுப்பிட்டீங்களே வாத்தியாரய்யா." அவர் கண் கலங்கியிருந்தது. பொய் சொன்னவரல்லர் அவர். நான் நம்பியதையே அவரும் நம்பினார். 

ஏப்ரல் 9. செவ்வாய்

வீடு திரும்பினோம். வாசற்படியில் தைலக் குப்பிகள், யாரோ திருப்பி வைத்துப் போனவை. சில திறக்கப்படவேயில்லை.

ஏப்ரல் 13. சனி

தேவதர்ஷினி மீண்டும் வந்தாள், மல்லிகையோடு. திண்ணமாக எடுத்துரைத்தேன்: இது வெயில் சுட்ட புண், குழந்தைக்கு மருத்துவரின் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று.

"மாத்திரைய நிறுத்தலங்கய்யா. அந்தம்மா கை வச்சப்ப புள்ள அழுகாமத் தூங்குச்சு. அதுக்குத்தான் பூ" என்றாள்.

இம்முறை லூர்தம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையால் தானாகவே குழந்தையின் தலையைத் தடவினாள்.

ஏப்ரல் 20. சனி

கட்டு மாற்றும் வேலையைச் செவிலியிடம் கற்றுக்கொண்டேன். நாள்தோறும் என் கையாலேயே செய்கிறேன். இடது சுண்டுவிரல் சற்றே வளைந்திருக்கிறது. எப்போதிருந்து என்றேன். ரொனால்டு பிறப்பதற்கு முன்பே, ஆட்டுரல் குழவி நசுக்கியதாம்.

மே 26. ஞாயிறு

கட்டு இனி வேண்டாம் என்றார் மருத்துவர். புண் ஆறிய இடம் முன்னைவிடக் கருத்திருக்கிறது. மறையப் பல மாதங்கள் ஆகலாமாம். "கருப்பு போகணும்னு தேச்சேன், கூடக் கொஞ்சம் வாங்கிக்கிட்டேன்" என்று சிரிக்கிறாள்.

ஒருவர் தைலம் கேட்டு வந்தார். கொடுத்தேன். முதலில் முழங்கைக்குள் சிறிது தடவிப் பார்த்து ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். வைத்தியருக்கே பயம் வந்துவிட்டதா என்று கேட்டார். ஆம் என்றேன்.

ஜூன் 16. ஞாயிறு

நாளை பக்ரீத். சர்புன்னிசா மருதாணி அரைத்திருந்தார். ஆறிய இடத்தில் படாமல் உள்ளங்கையில் மட்டும் வைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டு வந்த பின்பே லூர்தம்மாளுக்கும் வைத்தார். விரல் நுனிகளில் தொப்பி. உள்ளங்கை நடுவே வட்டம்.

இரு கைகளையும் என் முன் விரித்து நீட்டினாள். "என்ன, இதுக்கும் மண்டி போடுவீங்களா?"

சர்புன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

காயும்வரை கையை அசைக்கக் கூடாதாம். ஆகவே சோறு பிசைந்து நான்தான் ஊட்டினேன். நாற்காலி தாழ்வாக இருந்ததால் வேறு வழியின்றித் தரையில் முழங்காலிட்டே ஊட்ட நேர்ந்தது. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் போதவில்லை என்றாள். மறுபடி எழுந்து போய் எடுத்துவந்தேன்.

ஜூன் 17. திங்கள்

நன்றாகச் சிவந்திருக்கிறது. காந்தள் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். லூர்தம்மாளின் கை.