துண்டுக்கு அடியில் ஒரு கை

1954, ஐப்பசி 12.

ஏலக்காய் வியாபாரத்தில் எனக்குப் பிடித்ததே பேச வேண்டியதில்லை என்பதுதான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலையை முடித்துவிடலாம். சின்னையாவிடம் பத்து வருடமாக இப்படித்தான் காய் வாங்குகிறேன். அவர் வீட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்று விலை முடிந்தும் அவர் என் விரல்களை விடவில்லை. இறுக்கிப் பிடித்தபடியே இருந்தார். நான் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

பொழுது சாய அவர் மனைவி கடைக்கு ஓடிவந்தாள். "அண்ணே, பணத்தை ஆள்ட்ட குடுத்துவிட்டுட்டு மலையப் பாக்க நடந்துட்டாராம். உங்ககிட்ட எதுவும் சொன்னாரா?"

"ஒண்ணும் பேசலம்மா," என்றேன். பொய்யில்லை.

தேடப் போகிறவர்கள் லாந்தரோடு வாசலில் நின்று என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர் இறுக்கியதில் மோதிரம் அழுந்திய தடம் என் விரலில் இன்னும் இருக்கிறது. உள்ளே விளக்குத் திரியை இறக்கிவிட்டு, மூச்சுக் காட்டாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.