கத்தரித்த கையுறைகள்

வியாழன், இரவு.

தூக்கம் வரவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் பயன்படுத்திய கையுறைகளைக் கத்தரித்த பிறகுதான் கழிவுக்கான சிவப்புப் பையில் போட வேண்டும். யாரும் அவற்றை மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அவசரத்தில் நர்ஸ்கள் நாங்கள் பல நாள் அப்படியே வீசிவிடுகிறோம். யார் கேட்கிறார்கள்?

இன்று மத்தியானம் வார்டைப் பெருக்கும் செல்வி, கத்தரிக்காத கையுறைகளைப் பிளீச்சிங் பவுடரில் அலசிக்கொண்டிருந்தாள். "இன்னா பண்றே?" என்று கத்திவிட்டேன்.

"வூட்டுக்காரருக்கு சிஸ்டர். தோல் பதப்படுத்துற டேனரியில சுண்ணாம்புத் தொட்டியில எறங்கித் தோல் எடுக்கிறாரு. அங்க குடுக்கிற கிளவுஸு சீக்கிரமே கிழிஞ்சிடுது. இத ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்குவாரு."

"இதுல நோயாளிங்க ரத்தம் இருக்குது. கையில புண்ணு இருந்தா நோய் ஒட்டிக்கும்."

"அவுரு கையில புண்ணு இல்லாத எடமே இல்லியே சிஸ்டர்."

"நாளைக்கி அழைச்சிட்டு வா, ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம்" என்றேன். "லீவு போட்டா வேலை போய்டும்" என்றாள்.

விதிப்படி, அத்தனையையும் அவள் கண் முன்னாலேயே கத்தரித்தேன். விரல் விரலாகப் பைக்குள் விழுந்தன. அவள் தடுக்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டாள்.

விடிந்தால் அவள் வீட்டுக்காரர் வெறும் கையோடு தொட்டியில் இறங்குவார். புதுக் கையுறைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அலமாரியின் சாவி, நான் கத்தரித்துக்கொண்டிருந்தபோதும் என் இடுப்பில்தான் இருந்தது.