சங்கிலி வண்டிக்காரன் அக்காளுக்கு

விழுப்புரம்
வெகுதானிய வருஷம், ஐப்பசி மாசம்

திண்டிவனத்தில் தம்பி வீட்டில் சவுக்கியமாக இருக்கும் என் சம்சாரம் கெங்கம்மாளுக்கு, உன் புருஷன் ராஜாமணி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாடு ரெண்டும் நாயும் க்ஷேமம். உன் க்ஷேமத்தை நான் கேக்கவேண்டியதில்லை. தம்பியோட மோட்டார் சைக்கிள்ல, அந்தச் சங்கிலி வண்டியில குந்திக்கினு பெருமுக்கல் மலைக் கோயிலுக்குப் போய்ட்டு வந்தவளுக்கு என்ன குறை?

உனக்கு எழுத்து தெரியாது. இதை உன் தம்பி கண்ணையன்தான் உரக்கப் படிச்சிக்கினு இருப்பான். மச்சான், ஒரு எழுத்து விடாம படி. உன்னைத் திட்டியிருக்கிற இடம் வந்தா முழுங்கிடாதே.

நீங்க போட்ட கார்டு வந்துச்சு. அதுல உன் சேதி ரெண்டு வரி, மிச்சமெல்லாம் வண்டி சேதி. காத்து மாதிரி போவுதாம், மழையில நனைஞ்சாலும் நழுவாதாம். கண்ணையன் தானா சேத்துக்கினான்னு மொதல்ல நெனச்சேன். இல்லை, நீதான் சொல்லியிருப்பே. அதான் எனக்கு வயித்தெரிச்சல். இத்தினி வருஷத்துல நான் செஞ்ச எதையாவது காத்து மாதிரின்னு சொல்லியிருக்கியா?

என் வண்டி தோல்வாரு வண்டிதான், சங்கிலிக்குப் பதிலா தோல் வாருதான் சக்கரத்தைச் சுத்தும். சீமைக்குப் போன வெள்ளைக்கார இஞ்சினியர் வித்துட்டுப் போன பழசுதான். வளவனூர் கல்யாணம் முடிஞ்சு வரசொல்ல மழையில வாரு ஊறி நழுவிப்போச்சு. இஞ்சின் ஓடுது, சக்கரம் சுத்தலை. நீ பட்டுப்புடவையைத் தூக்கிச் சொருவிக்கினு சேத்துல எறங்கித் தள்ளினே. பந்தியில தின்னதுக்கு இன்னும் கொஞ்சம் பலமாத் தள்ளலாம்னு சொன்னேன். தமாசுக்குச் சொன்னது. அந்த நேரம் பாத்து பின்னாலயே சங்கிலி வண்டியில வந்தான் உன் தம்பி. "ஏறுக்கா"ன்னான். ஏறிட்டே. திரும்பிக்கூடப் பாக்கலை.

சங்கிலி வண்டிப் பெருமை எனக்கும் தெரியும். எண்ணெய் கக்கும், உன் புடவை ஓரத்தைப் பாரு. கரும்பாலை மாதிரி கரகரன்னு கத்தும். வாரு வண்டி சத்தமே போடாது. பின்னால குந்தினவ முணுமுணுக்கறதுகூட காதுல விழும்.

இங்கே ஒரு சங்கதி நடந்துபோச்சு. கத்தாதே. புது வாருக்காக நம்ம கெணத்துல மாடு கட்டித் தண்ணி எறைக்கற கவலையோட தோல் பையை அறுத்துட்டேன். அதை விளக்கெண்ணெயில ஊறவெச்சுக் கொடியில போட்டேன். நாய் இழுத்துக்கினு போய் பாதியைத் தின்னுடுச்சு. இப்போ வண்டியும் ஓடலை, தண்ணி எறைக்கவும் வழியில்லை. நாய்க்கு வயிறு மட்டும் போவுது. நல்லவேளை, ஐப்பசி மழை நம்ம கொல்லையைக் காப்பாத்துது.

ரயில்வே ஷெட்டுல வேலை செய்யற இருதயராஜ் வந்து பாத்தான். தோலு கதை முடிஞ்சுதுங்க, ஒரு பல்சக்கரமும் பழைய சங்கிலியும் கிடைச்சா மாட்டித் தரேன்னான். அப்படி ஒரு ஜோடி உன் தம்பி வீட்டு மாட்டுக்கொட்டாயில தொங்குது. நான் பாத்திருக்கேன். கண்ணையன்கிட்ட அதை நான் கேக்கமாட்டேன். உசுரு போனாலும் கேக்கமாட்டேன். உன்கிட்டதான் கேக்கறேன். படிக்கறவன் காதுலயும் விழுந்தா அதுக்கு நான் என்ன பண்றது?

அதை ரயில் பார்சல்ல போடாதே, தொலைஞ்சிடும். உன் தம்பிகிட்டயும் குடுத்தனுப்பாதே. அவன் சங்கிலியோட நிக்கமாட்டான், எனக்கு வண்டி ஓட்டவும் கத்துக்குடுப்பான். நீயே மடியில வெச்சுக்கினு ரயிலேறி வா. புடவையில கறை பட்டா நான் தொவைச்சுத் தரேன்.

எந்த ரயில்னு எழுதச் சொல்லு. வண்டியைத் தள்ளிக்கினு ஸ்டேஷனுக்கு வந்து நிக்கறேன். திரும்பி வரசொல்ல நீ மேல குந்திக்கோ, நான் தள்ளறேன். வழியில யார் சிரிச்சாலும் சிரிக்கட்டும்.

மச்சான், நீயும் புள்ளைகுட்டியோட நல்லா இரு. இந்தக் கடைசி இடத்தை மட்டும் அவளுக்கு ரெண்டு தரம் படி.

இப்படிக்கு,
வாரு வண்டிக்காரன் ராஜாமணி