செல்வி மகளின் வளைகாப்புப் பத்திரிகை

வெள்ளிக்கிழமை, அமாவாசை. திண்டிவனம்.

மலையனூர் கோயிலுக்குப் போகும் பேருந்துகளின் ஹாரன் ஓயவில்லை. தூக்கமும் வரவில்லை.

இன்று செல்வி வந்தாள். அவளுக்கு நான்தான் பிரசவம் பார்த்தேன். அன்று பிறந்த அபிநயாவுக்கு இப்போது வளைகாப்பு. பத்திரிகையை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டரம்மா. மருமவன் கம்பெனி இன்சூரன்சு பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரியிலதான் செல்லுமாம். அங்கதான் காட்டிக்கினு இருக்கோம்."

அவளை என்ன குறை சொல்ல? என் சின்ன ஆஸ்பத்திரியை எந்தக் காப்பீட்டிலும் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். லிஃப்ட் கேட்கிறார்கள், ஐசியூ கேட்கிறார்கள். நர்சுகளும் ஒவ்வொருவராக பைபாஸுக்கே போய்விட்டார்கள். இந்த வாரம் கட்டில்கள் எல்லாம் காலி.

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். "கொயந்த பொறந்ததும் சக்கரத் தண்ணிய நீங்கதான் நாக்குல தொட்டு வைக்கணும். உங்க குணம் வரட்டும்."

தாய்ப்பாலுக்கு முன்னால் ஒரு சொட்டுகூடக் கூடாது என்று இத்தனை வருடமும் சத்தம் போட்டவள் நான். செல்வியையே அதற்காகத் திட்டியிருக்கிறேன். இன்றோ, வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அங்கே பிரசவ வார்டுக்குள் போக பார்வையாளர் பாஸ் வாங்க வேண்டுமாம். குழந்தையின் தாய்க்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்பார்களாம்.

என்னவென்று சொல்வேன்?