கப்பலுக்குக் காணுமான கரண்ட்

அம்மா,

இன்று பின்னேரம் கணினியை யாழ்ப்பாணத்துக் கடையிலிருந்து எடுத்து வந்தேன். உள்ளே தூசி அடைத்துத் தானாக நின்றுபோகத் தொடங்கியிருந்தது. கடைக்காரத் தம்பி தூசி தட்டி, எல்லா மென்பொருளையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தான். மேசையில் பூட்டி, விளையாட்டில் எங்கள் கப்பலைக் கடலில் விட்டேன். திரையில் வானம் கறுத்து மழை தொடங்கியதும் மேசைக்குக் கீழிருந்து அந்தச் சத்தம் எழும்பியது. முதலில் தூரத்து இரைச்சல், பிறகு கூர்மையாகி, கிட்டக் கிட்ட வருகிற இரைச்சல். நான் உங்கள் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன்.

நான் வேலையால் வந்து முகம் கழுவி விளையாட உட்கார்ந்தால், நீங்களும் தேத்தண்ணியோடு அந்தக் கதிரைக்கு வந்துவிடுவீர்கள். என் காதில் ஹெட்போன். உங்களுக்குச் சத்தமில்லாத கடல். மயிலிட்டியில் அலைச் சத்தத்தோடு வளர்ந்த உங்களுக்கு உடுவில் வீட்டில் பார்க்கக் கிடைத்த கடல் அது ஒன்றுதான். ஆனால் அதிலும் ஆயிரம் குறை பிடிப்பீர்கள்.

"உந்தக் கடலிலை ஏன் ஒரு கடற்காகமும் இல்லை?"

"படம் கீறினவன் மறந்துபோனான் போலை, அம்மா."

"உந்தக் காத்துக்கு ஆராவது இவ்வளவு பாய் விரிப்பினமே? உன்ரை அப்பா இருந்திருந்தா உன்னை வள்ளத்திலை சட்டி கழுவவும் விட்டிருக்கமாட்டார்."

புயல் வந்தால் மட்டும் எழும்பிவிடுவீர்கள். "அடுப்பிலை பால் வைச்சனான்" என்றபடி குசினிக்குள் போய்விடுவீர்கள். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றுமில்லை. இரண்டு சுவரும் சேரும் மூலையில் நின்றுகொண்டிருந்தீர்கள். கடலுக்குப் போனவர்களை எண்ணிக் கரையில் காத்திருந்த பயம் இன்னும் போகவில்லை என்று நானே முடிவு கட்டினேன். அதன் பிறகு புயலுள்ள பக்கமே போகாமல், கப்பலைத் துறைமுகத்தில் கட்டிவிட்டு மிளகும் துணியும் விற்றேன். உங்களுக்கு அலுத்துப்போயிற்று.

"என்ன பிள்ளை, கப்பல் வாங்கினியோ, கடை போட்டியோ?"

பூனை ஹெட்போன் வயரைக் கடித்திராவிட்டால் எனக்கு விளங்கியே இராது. அன்று காதில் ஒன்றுமில்லாமல் விளையாடினேன். உங்கள் பகிடிக்கு ரோசப்பட்டுக் கப்பலைப் புயலுக்குள் விட்டேன். அப்போதுதான் கணினியின் விசிறிச் சத்தம் முதன்முதலாக என் காதில் முழுதாக விழுந்தது. நீங்கள் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினீர்கள். சண்டையில் மயிலிட்டியை விட்டு வந்த காலத்தில், பதுங்குகுழிக்கு, பங்கருக்கு ஓட நேரமில்லாத வேளைகளில், என்னை இழுத்து அணைத்துக்கொண்டு சுவர் மூலையில் நிற்பீர்களே, அந்த முகம்.

"குண்டு போட வாற பொம்பர் சத்தம்" என்றேன்.

"மெசின் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. கால்தான் சொல்லுக் கேக்குதில்லை."

"இனி நான் விளையாடேல்லை, அம்மா."

"விசர்க்கதை கதையாதை. நீ விளையாடாட்டி நான் என்னத்தைப் பாக்கிறது?"

கடைக்காரத் தம்பியிடம் போனேன். "இன்னும் ரண்டு ஃபான் பூட்டுவம் அக்கா" என்றான். சத்தத்தைக் குறைக்க ஃபானோ என்று கேட்டதற்குச் சிரித்தான். வீட்டுக்கு வந்து நானே இணையத்தில் தேடி வாசித்தேன். சத்தம் போடுவது கிராபிக்ஸ் கார்ட்டின் விசிறிகள். திரையில் தெரியும் ஒவ்வொரு அலையையும் மழைத்துளியையும் வரைவது அந்தக் கார்ட். புயலில் வேலை கூடச் சூடேறும், சூடேற விசிறி இரையும். ஒரு கார்ட் போல இன்னொன்று இராது என்பதால், எதுவும் தடக்காமல் ஓடட்டும் என்று தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைத்து விடுகிறார்களாம். அதைக் குறைத்தால் பல கார்ட்டுகள் ஏறக்குறைய அதே வேகத்தில், குறைந்த சூட்டில் ஓடும். எவ்வளவு குறைக்கலாம் என்பதை அவரவர்தான் குறைத்துக் குறைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் விளையாட்டு நின்றுவிடும்.

அப்படி எத்தனை தரம் நின்றது! நடுக்கடலில் திரை கறுக்கும்.

"கப்பல் தண்ணிக்குள்ளை தாண்டுபோச்சோ?" என்பீர்கள்.

"இல்லை அம்மா, கார்ட்டுக்குக் குடுத்த கரண்ட் காணேல்லை."

"அப்ப கொஞ்சம் கூட்டிக் குடன். பிச்சைக்காரி மாதிரிக் கிள்ளிக் குடுக்கிறாய்."

கூட்டினேன். பிறகு ஒரு துளி குறைத்தேன். அடுத்த பின்னேரம் புயலுக்குள் போனோம். மழை பெய்தது, மின்னியது, அலை கப்பலை விட உயர்ந்தது. மேசைக்குக் கீழே ஆரோ மெல்ல மூச்சு விடுவதுபோல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். நான் திரையைப் பார்க்கவில்லை, உங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அசையவில்லை. நீங்கள் முன்னுக்குச் சாய்ந்து, "பாயைக் குறை பிள்ளை, பாயைக் குறை!" என்று கத்தினீர்கள். புயல் தாண்டியதும், ஏதோ நீங்களே வள்ளத்தைக் கரை சேர்த்த மாதிரிக் கதிரையில் சாய்ந்தீர்கள்.

"இப்பதான் கடல் கடல் மாதிரிக் கிடக்கு."

அதன் பிறகு நீங்கள் பாலைச் சாட்டிக் குசினிக்குப் போகவேயில்லை. போன மாரியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை, எல்லாப் புயலையும் என்னோடு இருந்துதான் பார்த்தீர்கள். உங்களை நினைத்து அழுகிற நேரத்திலும் இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு லேசாகும்.

இன்று கடையில் அந்தத் தம்பி, "பழைய செற்றிங் எல்லாம் அழிஞ்சு போயிட்டுது அக்கா. இப்ப அம்மாவும் இல்லைத்தானே, ஃபுல்லா ஓடட்டும், விடுங்கோ" என்றான். நானும் ஓம் என்று தலையாட்டி விட்டு வந்தேன். சத்தம் எழும்பியதும் உங்கள் கதிரையைப் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா? அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஞாபகமில்லை. பார்த்தால் நான் குசினியில், அந்த மூலையில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பில் பால் இல்லை.

என் காலும் சொல்லுக் கேட்டிருக்கவில்லை. பிறகு தனியே நின்று சிரித்தேன் அம்மா. உங்களுக்காக என்று நினைத்துத்தானே அவ்வளவு பாடுபட்டேன்! அந்தச் சுவர் மூலையில் உங்கள் கைக்குள் நின்றவள் நானும்தான் என்பதை ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மறந்துபோய் இருந்திருக்கிறேன்.

போய் உட்கார்ந்து, நாங்கள் இருவரும் கண்டுபிடித்த அளவைத் திரும்பப் போட்டேன். அது எனக்கு மனப்பாடம். கப்பலைத் திருப்பிப் புயலுக்குள் விட்டேன். அறை அமைதியாக இருந்தது. பக்கத்து வளவில் ஆரோ கிணற்றடியில் வாளி வைக்கும் சத்தம்கூடக் கேட்டது. காற்று ஏறியது. இந்த முறை நீங்கள் சொல்ல முன்னமே பாயைக் குறைத்தேன்.