புண்ணைப் பார்க்க வந்தவர்கள்

ஜூன் 9, திங்கள்

காற்று ஓயாமல் அடிக்கிறது. வாசலெல்லாம் புழுதி. காலை ஏழு மணி பஸ்ஸில் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு தருமபுரி, ஆயுர்வேத டாக்டரம்மாவிடம். உட்கார இடம் கிடைத்தது, அதிசயம்.

புண் வலது காலில், இரண்டாவது விரல். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி விழுந்து ஒரு மாதம். சர்க்கரைக்காரர், வலியே தெரியவில்லை. செருப்பு நனைந்த பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்கிறார்.

டா.அம்மா கறார். புண்ணின் மேல் சுத்தமான கண்ணாடித்தாளை வைத்து, ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு எடுத்துக்கொண்டார்.

"அடுத்த திங்கக்கிழமை திரும்ப வரைவேன். கோடு உள்ள வந்திருந்தா இங்கயே பாக்கலாம். துளி வெளிய போயிருந்தாலும் சர்ஜன்கிட்ட அனுப்பிடுவேன். அப்பறம் கெஞ்சக் கூடாதுங்க."

சொன்னவை:
– கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றும் சேர்ந்த திரிபலா கஷாயம். அவ்வப்போது புதிதாக வைத்து, ஆறியதும் கழுவ. கா. 6, மா. 6.
– பிறகு தைலத்தில் நனைத்த துணி, அதன் மேல் கட்டு.
– தயிர், கத்தரிக்காய், கருவாடு, இனிப்பு கூடாது.
– சர்க்கரை மாத்திரையை நிறுத்தவே கூடாது.
– நடுவில் யார் சொன்னாலும் கட்டை அவிழ்க்கக் கூடாது. (இதை இரண்டு முறை சொன்னார்.)

பள்ளிக்கூடம் திறந்த வாரம். சத்துணவு அமைப்பாளர் நானே லீவு போட்டால் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு என்ன செய்யும்? மதியத்துக்கு மேல் மட்டும் வீட்டில்.

ஜூன் 10, செவ்வாய்

கா. 6 கழுவினேன். வாடை குறைந்த மாதிரி. அல்லது என் ஆசை.

மதியம் வந்தால் வாசலில் மூன்று ஜோடி செருப்பு. கம்பைநல்லூரிலிருந்து நங்கை, அதாவது அவருடைய அக்கா, மகன் மருமகளோடு. கட்டு அவிழ்ந்து தரையில் கிடக்கிறது. கால் ஸ்டூலின் மேல். ஈ விரட்ட அந்த மருமகள் விசிறியோடு.

"எதுக்கு அவுத்தீங்க?"

"ஏன், என் தம்பி கால நான் பாக்கக் கூடாதா?" என்றார் நங்கை. "மூடி மூடி வெச்சாதான் புண்ணு அழுவும். காத்து பட்டாதான் காயும்."

எங்கள் பக்கம் இது சட்டம். புண் என்று கேள்விப்பட்டால் வர வேண்டும். வந்தால் கண்ணால் பார்க்க வேண்டும். காட்டாவிட்டால், நம்ம கண்ணு பட்டுடும்னு மறைக்கிறாங்க என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

அவர்கள் போனதும், ஏன் விட்டீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்னது: "அவ்ளோ தூரத்துல இருந்து வந்தவங்கள எப்டி செல்வி வேணான்றது?"

மறுபடி கஷாயம் வைத்து, மறுபடி கழுவி, மறுபடி கட்டு. பள்ளி முட்டைப் பதிவேடு எழுதவில்லை. நாளை ஏச்சு வாங்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

காஸ் தீர்ந்தது. விறகில் கஷாயம். கண் எரிச்சல்.

இன்று பெரிய மாமா, அவருடைய அண்ணன். கையில் ஆப்பிள், பிரட், ஒரு கட்டு வெட்டுக்காயத் தழை. நான் வாசல் படியிலேயே நின்று, "கட்டு பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மாமா" என்றேன். நல்லா சத்தமாகத்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகத் தம்பியிடம்: "என்னடா, உன் பொண்டாட்டி என்னைய வெளியாளா பாக்குறா?"

அவ்வளவுதான். இவர் தானே குனிந்து பிரித்துக்கொண்டிருக்கிறார். தழையைக் கசக்கிப் பிழியவும் செய்தாயிற்று. பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் நின்றேன்?

ஜூன் 13, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. நேற்று மூன்று பேர், இன்று காலையிலேயே இரண்டு பேர். நங்கை திரும்ப வந்து மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிவிட்டுப் போயிருக்கிறார். புண்ணைச் சுற்றித் தோல் வெந்து போயிருக்கிறது.

டா.அம்மாவுக்கு ஃபோன். உடனே கழுவி விடுங்க, காய்ச்சல் வந்தாலோ கால் வீங்கினாலோ திங்கள்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரி போங்க என்றார். பிறகு, "உங்க வூட்டுல கதவு இல்லையாங்க?" என்று கேட்டார்.

கதவு இருக்கிறது. சாத்தத்தான் ஆள் இல்லை.

காய்ச்சல் இல்லை. வீக்கம் இல்லை. மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். கையலம்பிக் கையலம்பி என் விரல்களெல்லாம் கடுக்காய்க் கறை.

ஜூன் 14, சனி

இன்று சம்பந்தி வீட்டார். மொரப்பூரில் ரயில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தார்கள். மைசூர்பாகு ஒரு கிலோ. சர்க்கரைக்காரரைப் பார்க்க மைசூர்பாகு!

சம்பந்தியம்மா காபியைத் தொடவில்லை. "மொதல்ல கால காமிங்க, பாத்துட்டு அப்பறம் குடிக்கிறோம்" என்றார். கூட வந்த என் மகள் அவர் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். காட்டிவிடும்மா என்கிற மாதிரி. கல்யாணமாகி எட்டு மாதம். நாளைக்கு அந்த வீட்டில் சொல்லு கேட்கப்போவது அவள்தான்.

நானே உட்கார்ந்தேன். நானே அவிழ்த்தேன்.

சம்பந்தியம்மா பார்த்துவிட்டு "அடக் கடவுளே" என்றார். காபி குடித்தார். இவரோ மைசூர்பாகு இரண்டு துண்டு தின்றார், மரியாதைக்காம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாத்திரம் எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தேன்.

ஜூன் 16, திங்கள்

பஸ்ஸில் நின்றுகொண்டே. அவருக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள்.

டா.அம்மா கோடு போட்டார். பழைய தாளை அதன் மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார். புதுக் கோடு சுற்றிலும் வெளியே. விரல் நுனிப் பக்கம் கறுப்பு.

"தினமும் யாரு அவுத்தது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சொந்தக்காரங்க என்றேன். சனிக்கிழமையைச் சொல்லவில்லை.

டா.அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடிதம் எழுதிக் கொடுத்து, இப்போதே போங்க, இன்னும் விட்டால் பாதமே போய்விடும் என்றார். அவர் எழுந்திருக்கவில்லை. "இன்னும் ஒரு வாரம் குடுங்கம்மா" என்று கும்பிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அழுகை வந்தது.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். சேர்த்தாயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

வார்டில் ஒரே புழுக்கம். நாளைக் காலை விரலை எடுக்கிறார்கள். பாதம் தப்பிக்கும் என்கிறார்கள்.

வாங்க வேண்டியது: சோப்பு, ஃபிளாஸ்க், அவருக்கு ஒரு துண்டு.

மா. 4 பெரிய மாமா ஃபோன். "வேன் பேசிட்டோம், பதினோரு பேரு வர்றோம். வெரல எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கலாம்னு."

"வராதீங்க மாமா."

"என்னா?"

"யாரும் வராதீங்க. வந்தாலும் காட்ட மாட்டேன். ஆகிறது ஆகட்டும்."

வைத்துவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் மனைவிகூடத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பார்வையை எடுக்காமலே மெதுவாகக் கேட்டார்:

"இத போன வாரமே சொல்லியிருக்கலாமில்ல செல்வி?"