தகப்பன் இல்லை என்று ஒரு காயிதம்

1958, தை 7, திங்கள்

வாடைக் காற்று. வகுப்பு முழுக்க மணல். கரும்பலகைக்குக் கரி பூச வேண்டும்.

காலை வணக்கத்தில் முத்துமாரி மயங்கி விழுந்தாள். ஏழு வயது. மூன்று திங்கட்கிழமையாக இதே கதை. சர்க்கார் மதியச் சோறு பள்ளிக்கூட நாளில் மட்டும். சனி, ஞாயிறு வயிற்றுக்கும் லீவு என்று சர்க்காருக்கு நினைப்பு போல.

தகப்பன் ஐப்பசியில் வள்ளம் ஏறிப் போனவன். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. தாய் ராக்கம்மா இருமிக்கொண்டே கருவாடு காயப்போடுகிறாள்.

புளி வாங்க மறந்துவிட்டேன்.

தை 9, புதன்

லீவு போட்டுவிட்டு ராமநாதபுரம் போனேன். முதலில் தாலுகா ஆபீஸ், ராக்கம்மாவுக்கு உதவிப்பணம் கேட்டு. குமாஸ்தா நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். "உடல் கிடைக்கலேன்னா ஏழு வருஷம் பொறுக்கணும்மா. அப்பறந்தான் உதவி." அப்போது முத்துமாரிக்குப் பதினாலு.

பிறகு ஒரு வியாபாரியின் தருமத்தில் நடக்கும் பிள்ளைகள் இல்லம். மூன்று வேளைச் சோறு, படிப்பு. தகப்பன் இறந்த பிள்ளைகளுக்குத்தான் இடம். கிராம முன்சீப் எழுதிக் கொடுத்தால் போதுமாம். பஸ்ஸில் வரும்போது சந்தோஷமாக இருந்தது.

தை 11, வெள்ளி

முன்சீப் பேனாவைத் திறக்கவே இல்லை. "தாலியோட நிக்கிறவளுக்குப் புருசன் செத்துட்டான்னு நான் எப்படி எழுதுவேன், டீச்சர்?"

ராக்கம்மாவிடம் நானே சொன்னேன். கழற்றிவிடு, பிள்ளை பிழைக்கட்டும் என்று. சொன்ன வாய் இன்னும் கசக்கிறது. அவள் வெகுநேரம் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். "சரி டீச்சர்."

தை 13, ஞாயிறு

வெறுங்கழுத்தோடு முன்சீப் முன்னால் நின்றாள். அழவில்லை. காயிதம் கிடைத்தது.

என் பழைய சேலையில் முத்துமாரிக்குப் பாவாடை. நீளம் கூடிவிட்டது. வளர்கிற பிள்ளைதானே.

தை 14, திங்கள்

இல்லத்து மேனேஜர் காயிதத்தைப் படித்தார். பதிவேட்டைத் திறந்தார். பிள்ளையிடம் சும்மா கேட்டார், "அப்பா இல்லையாம்மா?"

"இருக்காக. வருவாக. அம்மா தாலிய மஞ்சத் துணியில முடிஞ்சு ஆத்தாளுக்கு நேந்து வச்சிருக்கு. அய்யா வரவும் கட்டிக்கிரும்."

பதிவேட்டை மூடினார். "நாளைக்கு அந்த ஆள் வந்து நின்னா நாங்க என்ன பதில் சொல்றது, டீச்சர்?" கோபப்படவில்லை. பிள்ளைக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

யாரைக் கோபிக்க? ஊருக்கு ஒன்று சொல்லி, தனக்கும் பிள்ளைக்கும் வேறொன்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் ராக்கம்மா. நான் கேட்டதற்கு வேறு எப்படித்தான் சம்மதிப்பாள்? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டு வாசலில் மகளைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அவள் கை வெறுங்கழுத்துக்குப் போனது.

"அப்ப நான் தாலியக் கட்டிக்கிறலாமா, டீச்சர்? அதுக்கும் காயிதம் வேணுமா?"